பத்துப் பொருத்தமும் ஒரு சாவியும்

என் தங்கை மகள் ஓர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்க்கிறாள். டாக்டரா என்று கேட்பீர்கள். இல்லை. நர்ஸும் இல்லை. நோயாளிகளின் முகத்தையே அவள் பார்ப்பதில்லை. அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. மார்கழி மாதத்தைப் பிடித்து உள்ளே போட்டுப் பூட்டிவிட்டாற்போல் வருஷம் முழுவதும் அங்கே ஒரே குளிர். அந்த அறையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் நான்கு சர்வர்களுக்கு அவள்தான் வைத்தியம் பார்க்கிறாள்.

சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை தங்கை ஃபோன் செய்தாள்.

"அண்ணா, இவ இன்னிக்கு ராத்திரி பூரா ஆஸ்பத்திரியிலேயே இருக்கணுமாம். மாப்பிள்ளையும் ஊர்ல இல்லை. நீ கொஞ்சம் துணைக்குப் போயேன்."

எழுபதைத் தாண்டிய கிழவன் யாருக்குத் துணை? இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு மேல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட இது மேல். நாவலாசிரியனுக்கு எந்த இடமும் வீண் போகாது என்கிற சுயநலமும் கொஞ்சம் உண்டு. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், ஃபிளாஸ்கில் காபி சகிதமாகப் போய் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன மாமா, பத்ரிநாத்துக்குப் புறப்பட்டாச்சா?"

உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் அந்தக் குல்லாயின் அருமை எனக்குத் தெரிந்தது. அவளும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நடக்கப்போகிற காரியம் என்ன என்று கேட்டேன். அவளும் ஏதேதோ சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க திருவல்லிக்கேணியில ஒண்டுக் குடித்தனத்துல இருந்தீங்கதானே?"

"இருந்தேன். ஒரே வீட்டில் ஒன்பது குடித்தனம்."

"அதேதான் இது."

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்த வீட்டில் குழாய் ஒன்று, கிணறு ஒன்று, மின்சார மீட்டர் ஒன்று. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் ஒவ்வொரு குடித்தனக்காரருக்கும் தம் பகுதி தனி வீடுதான். நான்கு சர்வர்களும் அப்படிப்பட்ட நான்கு வீடுகள். அவற்றில் முப்பத்துச் சொச்சம் குடித்தனங்கள். பில் போடுகிற கம்ப்யூட்டர், மருந்துக் கடைக் கணக்கு, எக்ஸ்ரே படங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டர், சம்பளப் பட்டுவாடா, ரத்தப் பரிசோதனை லேப் என்று தனித்தனியாக முப்பது கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவையெல்லாம் மெய்நிகர் இயந்திரங்கள். இரும்பும் கம்பியுமாக இருப்பவை நான்கே நான்கு. வீட்டுக்காரர் ஸ்தானத்தில் ஒரு நிரல் உட்கார்ந்துகொண்டு, இவனுக்கு இவ்வளவு தண்ணீர், அவனுக்கு இவ்வளவு வெளிச்சம் என்று பங்கு போட்டுக் கொடுக்கிறது. நான்கு வீடுகளையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்துக் கட்டிவிட்டால் அதற்குப் பெயர் கிளஸ்டர்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல என்று அவள் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில், ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1967 ஜனவரியில் அங்கே ஓட ஆரம்பித்த சி.பி.-40 என்ற ஏற்பாட்டில், ஒரே இயந்திரத்துக்குள் பதினான்கு குடித்தனங்கள். என் திருவல்லிக்கேணி வீட்டைவிட ஐந்து அதிகம்! பிற்பாடு விலை மலிவான சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆளுக்கொரு வீடு என்று எல்லாரும் தனிக்குடித்தனம் போனார்கள். வீடுகள் பாதி காலியாகவே கிடந்தன, கரண்டு மட்டும் செலவாயிற்று. 1998-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய வி.எம்.வேர் கம்பெனி, அந்தச் சின்ன இயந்திரங்களிலும் ஒண்டுக் குடித்தனத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அவற்றின் சிப்பு இதற்கு லாயக்கில்லை என்பதுதான் அதுவரை படித்தவர்களின் அபிப்பிராயம்.

என்னை மயக்கியது 2003-ல் வந்த ஒரு வித்தை. குடித்தனக்காரருக்குத் தெரியாமலே குடித்தனத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடுவது! அடுப்பில் பால் காய்கிறது; குழந்தை தூளியில் தூங்குகிறது; பால் பொங்குவதற்குள் அடுப்பு, தூளி, குழந்தை எல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கின்றன; அம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. மூன்று வருஷம் கழித்து, எந்த வீட்டில் நெரிசல், எந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று பார்த்துத் தானாகவே குடித்தனங்களை மாற்றி வைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு எங்களைப் படுத்தியது அதுதான்.

இதுவரை நான்கு வீடுகளுக்கும் ஒரு காரியஸ்தர் இருந்தார். இப்போது அவருக்கு மேலே ஒரு பெரிய நிர்வாகம் வரப்போகிறது. பழைய கிளஸ்டரைக் கலைத்துப் புதிதாகக் கட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே சேர்த்துக்கொள்ளும் வசதி 2024 ஜூலையில் வெளிவந்தது. அதை இம்போர்ட் என்கிறார்கள். நான் சுவீகாரம் என்று புரிந்துகொண்டேன். சுவீகாரம் என்றால் சும்மா நடந்துவிடுமா? வீடு தேடி வந்து விசாரிப்பார்கள். புதிய நிர்வாகமும் ஒரு நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தம் பார்க்கிறது. ஒன்று சரியில்லை என்றாலும் சம்பந்தம் கிடையாது. நம்முடைய ஜோசியராவது எட்டுப் பொருத்தம் இருந்தால் போதும், ஒரு பரிகாரம் பண்ணிக்கொள்ளலாம் என்பார். இங்கே பத்துக்குப் பத்து!

ஏற்கனவே முந்தைய சனிக்கிழமை ஒரு தரம் முயன்று தோற்றிருந்தாள். அப்போது பொருந்தாதது கடிகாரம். நான்கு சர்வர்களில் ஒன்றின் கடிகாரம் மற்ற மூன்றிலிருந்து சில நிமிஷம் பின்தங்கி இருந்திருக்கிறது. அது சின்ன விஷயம்; சரி செய்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு தோல்வியே மேலிடத்தில் முணுமுணுப்பைக் கிளப்பிவிட்டது. அவள் அந்த வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர் பதினெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். 'அந்தப் பெரியவர் இருந்தவரைக்கும்' என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களை அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ராத்திரி பத்துலேருந்து காலையில அஞ்சு வரைக்கும் டயம் கொடுத்திருக்காங்க மாமா. ஆறு மணிக்கு லேப்ல ரத்தம் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. இன்னிக்கும் ஆகலைன்னா வெளியிலேருந்து ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. அப்புறம் நான் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சால்வைக்குள் அவள் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

பத்தேகாலுக்குப் பொருத்தம் பார்க்கத் தொடங்கியது. திரையில் பச்சைக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் பயந்துகொண்டிருந்தது ஓரிடத்தில்தான். நான்காவது சர்வர் மற்ற மூன்றையும்விடப் பின்னால் வாங்கியது. அதன் சிப்பு புதிய தலைமுறை. புதிய சிப்பின் சௌகரியங்களுக்குப் பழகிவிட்ட குடித்தனத்தைப் பழைய வீட்டுக்கு ஓட்டத்தில் மாற்ற முடியாது. காஸ் அடுப்பிலேயே சமைத்துப் பழகியவளை, கொதிக்கிற குழம்போடு விறகு அடுப்பின் முன்னால் உட்கார வைத்த கதைதான். இதற்கு 2008 முதல் ஒரு வழி உண்டு. புதிய சிப்பிடம், 'உன் புதுச் சாமர்த்தியங்களைக் கொஞ்சம் மறைத்து வைத்துக்கொள், பழைய சிப்பைப் போலவே நட' என்று சொல்லிவிடலாம். ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஓடுகிற குடித்தனங்கள் புதுச் சௌகரியங்களை ருசி பார்த்த பிற்பாடு, அவற்றை அணைக்காமல் சொல்ல முடியாது.

அந்த இடமும் பச்சையாகவே விழுந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளே போய்ப் பார்த்தாள். நான்காவது சர்வர் வந்த அன்றைக்கே யாரோ அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார்கள்.

"பரவாயில்லையே, பெரியவர்!" என்றாள். அவள் வாயிலிருந்து அவரைப் பற்றி அன்றிரவு வந்த முதல் நல்ல வார்த்தை அது.

அடுத்த நிமிஷமே சிவப்புக் குறி விழுந்தது.

நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, குடித்தனங்களைத் தானாக இடம் மாற்றும் ஏற்பாடு, அது இந்தக் கிளஸ்டரில் 'கையால்' என்று வைக்கப்பட்டிருந்தது. அதாவது, 'இன்னாரை இந்த வீட்டுக்கு மாற்றினால் நல்லது' என்று நிரல் யோசனை மட்டும் சொல்லும். மனிதர் யாராவது சரி என்றால்தான் நடக்கும். புதிய நிர்வாகத்துக்கு அது ஆகாது. முழுக்க முழுக்கத் தானாக நடக்க வேண்டும், எந்தக் குடித்தனத்துக்கும் தனியாக விலக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் கட்டளை.

"பாத்தீங்களா மாமா! பழைய பஞ்சாங்கம்னு இதுக்குத்தான் சொன்னேன். மெஷின் மேல நம்பிக்கை இல்லை. எல்லாத்தையும் தானே கையால பண்ணணும்."

"மாற்ற முடியாதா?"

"ஒரு கிளிக். மாத்தினா அடுத்த நிமிஷம் இம்போர்ட் ஓடிடும்."

மவுஸை நகர்த்தினாள். கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. காபி குடிக்க அந்த அறைக்குள் அனுமதி கிடையாது என்பதால் காலாற நடந்துவிட்டு வரலாமென்று எழுந்தேன். சர்வர்கள் அடுக்கியிருந்த இரும்பு அலமாரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். நூற்றுக்கணக்கான ஒயர்கள், எல்லாம் ஒரே ஜாதிக் கறுப்பும் நீலமும். நடுவில் ஒரே ஒரு சிவப்பு கண்ணில் பட்டது.

மேலிருந்து இரண்டாவது சர்வரின் முதுகில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு யூ.எஸ்.பி. குச்சி செருகியிருந்தது. அதன் கழுத்தில் சிவப்புத் தையல் நூல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, நூலின் மறுமுனை அலமாரியின் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் பழுப்பேறிய ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. 'இந்த சாவியை தொடாதே' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். மூன்று சொற்களில் இரண்டு ஒற்றுப் பிழை! என் கை அரித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இதென்னம்மா, சர்வருக்கு யாரோ ரட்சை கட்டியிருக்கிறார்கள்?" என்று குரல் கொடுத்தேன்.

"எது?"

"சிவப்பு நூல். 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது."

நாற்காலி பின்னுக்கு நகர்கிற சத்தம் கேட்டது. வந்து குனிந்து பார்த்தாள். ஏழு மாதத்தில் அந்த முதுகுப் பக்கத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லையாம். எல்லாக் காரியமும் திரையிலேயே முடிந்துவிடுகிறதே! திரும்பிப் போய் எதையோ தேடினாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மாமா, இது லேப் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் சாவி. இது செருகியிருந்தாத்தான் அந்த சாஃப்ட்வேர் ஓடும். இந்தக் குடித்தனம் இந்த ரெண்டாவது வீட்டுலதான் இருக்கு. ஆனா அதுக்குன்னு ஒரு ரூலும் போடலை, ஒரு வரி குறிப்பும் இல்லை..."

மவுஸின் மேலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இங்கே என் சொந்தக் கதையை ஒரு நிமிஷம் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்னால் என் தொடர்கதை ஒன்று புஸ்தகமாக வந்தது. அதில் ஒரு பாட்டி. பேரனை ஓரிடத்தில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அது இறந்துபோன அவள் பிள்ளையின் பெயர். இருபது அத்தியாயம் தள்ளி அது தெரியவரும். கதையின் உயிரே அங்கேதான். அச்சுப் பிழை திருத்தியவர் நல்ல மனிதர், மிகுந்த சிரத்தை உள்ளவர். ஆசிரியர் அசதியில் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று எண்ணிச் சரி செய்துவிட்டார்! புஸ்தகம் கைக்கு வந்தபோது நான் குதித்த குதி வீட்டிலுள்ளவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஓரத்தில், 'இது பிழையல்ல, இருக்கட்டும்' என்று மூன்று வார்த்தை எழுதி வைக்காதவன் யார்? நான்தானே!

இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "அந்தப் பெரியவரைக் கேட்டுவிடேன்" என்றேன்.

"இப்பவா? மணி பன்னெண்டாகுது."

"ரிடையரான மனுஷன் தூங்கவா போகிறான்?"

அவள் தயங்கியது நேரத்துக்காக மட்டுமல்ல. அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் ஒரு பழத்தட்டும் கொடுத்து அனுப்பினார்களாம். அவள் அவரிடம் சாவிக்கொத்தையும் பாஸ்வேர்டுகளையும் வாங்கிக்கொண்டாளே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசவில்லை. அவர் இரண்டு தரம் 'வாம்மா, எல்லாத்தையும் காட்டிடறேன்' என்று கூப்பிட்டாராம். 'டாக்குமெண்ட் அனுப்பிடுங்க சார், பாத்துக்கறேன்' என்று சொல்லிவிட்டாளாம். இதை அவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னாள்.

ஃபோன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது. எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"சார், மன்னிச்சுக்குங்க, இந்த நேரத்துல..."

"சொல்லும்மா. லேப்பா?"

எடுத்த எடுப்பில் அவர் அப்படிக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"லேப் நல்லா ஓடிட்டிருக்கு சார். இன்னிக்கு இம்போர்ட். கிளஸ்டர் மேனுவல்ல இருக்கறதால ஒத்துக்க மாட்டேங்குது. மாத்தறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேக்கலாம்னு..."

"மாத்தினியா?" குரல் சட்டென்று உயர்ந்தது.

"இல்லை சார். சிவப்பு நூலைப் பாத்தேன். அப்படியே நிறுத்திட்டேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு அவர் சொன்னார். 2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது எல்லாம் தானாகத்தான் நடந்துகொண்டிருந்தது. லேப் குடித்தனத்தை நிரல் இரண்டாவது வீட்டிலிருந்து மூன்றாவதற்கு மாற்றியிருக்கிறது. அதில் ஒன்றும் கெடுதல் நேரவில்லை. குடித்தனம் மாறினாலும், நெட்வொர்க் வழியாகப் பழைய வீட்டிலிருக்கும் சாவியை அதனால் எட்டிப் பிடித்துக்கொள்ள முடியும். ஆனால் ஓடுகிறவரைக்கும்தான் அந்தப் பிடி. இரண்டு நாள் கழித்து, ஏதோ காரணத்துக்காக விடியற்காலையில் அதை அணைத்து மறுபடி ஏற்றினார்கள். மூன்றாவது வீட்டில் கண் விழித்தது, சாவியைத் தேடியது, அங்கே இல்லை. சாஃப்ட்வேர் திறக்க மறுத்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்கப் பகல் பதினொரு மணி ஆயிற்று. அதுவரை ரத்தப் பரிசோதனை முடிவுகளையெல்லாம் கையால் எழுதி, வார்டு வார்டாக ஆளை ஓட விட்டிருக்கிறார்கள்.

"ஒரு அம்மாவுக்குப் பொட்டாசியம் ரிசல்ட் ரொம்ப லேட்டாப் போச்சு. கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகலை. ஆனா அவங்க பையன் என்கிட்ட வந்து நின்னான் பாரு, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கலை. அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் மேனுவல்ல போட்டுட்டேன். தினமும் காலையில நானே பாத்து, எதை மாத்தணுமோ அதை மட்டும் மாத்துவேன்."

"சார், அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ரூல் போட்டிருக்கலாமே?"

கேட்ட பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"போட்டிருக்கலாம்மா. அன்னிக்கு எனக்கு அது தோணலை. கைக்கு வந்ததைச் செஞ்சேன். அப்புறம் தெரிஞ்சுது, ஆனா ஓடிட்டிருக்கறதைத் தொடறதுக்குப் பயம். உங்கிட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

"முதல்ல ரூலைப் போடு. அது மேல உனக்குத் திருப்தியானப்புறம் ஆட்டோமேடிக் போடு. வரிசை மாறக்கூடாது. எல்லாம் முடிஞ்சதும் லேப் மெஷினை ஒரு தடவை அணைச்சு ஏத்திப் பாத்துடு. ஏத்திப் பாக்காம வீட்டுக்குப் போகாதே."

ஃபோனை வைக்கப் போனபோது, "நூல் கெட்டியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"என் வீட்டுக்காரம்மா தையல் பெட்டியிலேருந்து எடுத்துட்டு வந்தது. யாராவது கூட்டறப்போ தட்டிவிட்டாலும் கீழே விழாம தொங்கும்னு அவதான் சொன்னா" என்றார். பிறகு, "சரிம்மா, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவள் செய்த வேலையைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு நேரம் விரல்களில் இருந்த பதற்றம் போய்விட்டது. லேப் குடித்தனத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியல், இரண்டாவது வீட்டுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் உண்டாக்கி, 'இது அங்கேதான் இருக்க வேண்டும்' என்று விதி எழுதினாள். அந்த விதியில் இரண்டு தினுசு உண்டாம். 'இருந்தால் நல்லது' என்பது ஒன்று. 'இருந்தே தீர வேண்டும்' என்பது ஒன்று. முதலாவது போட்டால் நெருக்கடியில் நிரல் அதை மீறிவிடும். இரண்டாவது போட்டால் மீறாது. ஆனால் அந்த வீடே இடிந்து விழுந்தாலும் குடித்தனம் வேறிடம் போகாமல் உட்கார்ந்திருக்கும். யாராவது ஓடிவந்து, சாவியைப் பிடுங்கி வேறு சர்வரில் செருகி, விதியையும் மாற்ற வேண்டும். சிறிது நேரம் கன்னத்தில் கை வைத்து யோசித்துவிட்டு இரண்டாவதையே போட்டாள்.

"சாவியில்லாத வீட்டுல போய் எழுந்து உக்காந்தா மட்டும் என்ன பிரயோஜனம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு தானியங்கி ஏற்பாட்டை முழுதாகத் திறந்துவிட்டாள். சில நிமிஷங்களுக்குள் திரையில் ஒரே அமர்க்களம். ஏழு மாதமாக யோசனை மட்டும் சொல்லிக்கொண்டு வாயைக் கட்டிக் கிடந்த நிரல், ஐந்து குடித்தனங்களைத் தூக்கி இடம் மாற்றியது. மருந்துக் கடை முதல் வீட்டிலிருந்து நான்காவதற்குப் போயிற்று. சம்பளப் பட்டுவாடா மூன்றாவதற்கு வந்தது. நான் லேப்பின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

ஒரு மணிக்கு மறுபடியும் பொருத்தம் பார்த்ததில் எல்லாம் பச்சை. சுவீகாரம் முடிய மூன்றே முக்கால் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன் என்று அவள் இன்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதே என் கட்சி.

நாலு மணிக்கு லேப்பிலிருந்த இரவு டியூட்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

"பத்து நிமிஷம் நிறுத்திக்கலாமா?"

"அவசர சாம்பிள் ஒண்ணு ஓடிட்டிருக்கு மேடம். முடிஞ்சதும் சொல்றேன்."

இருபது நிமிஷம் காத்திருந்தோம். இந்த இருபது நிமிஷம் இம்போர்ட் நடந்த நேரத்தைவிட நீளமாக இருந்தது. ஒரு தரம், "விட்டுடலாமா மாமா? ரூல் இருக்கே, ஒண்ணும் ஆகாது" என்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இல்லை, ஏத்திப் பாக்காமப் போகக்கூடாது" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

டியூட்டிக்காரர் சரி என்றதும் அணைத்தாள். லேப்பின் பெயர் திரையில் சாம்பல் நிறமாயிற்று. மறுபடி ஏற்றினாள். இரண்டாவது வீடு என்று காட்டியது. சாஃப்ட்வேர் திறக்கிறதா இல்லையா என்பது கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் போய் அந்தக் குச்சியைப் பார்த்தேன். அதன் நுனியில் பொட்டு மாதிரி ஒரு பச்சை வெளிச்சம் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது.

"வந்துடுச்சு மேடம்" என்ற குரல் எனக்கும் கேட்டது.

அவள் முதலில் செய்த காரியம், பெரியவருக்கு ஒரு செய்தி அனுப்பியது. 'ஏத்திப் பாத்துட்டேன் சார். வந்துடுச்சு.' மணி நாலு நாற்பது. உடனே பதில் வந்தது, கை கூப்பிய பொம்மை ஒன்று.

பிறகு உட்கார்ந்து, லேப் இயந்திரத்தின் பெயருக்குக் கீழே குறிப்புக்காக விட்டிருக்கும் இடத்தில் எழுத ஆரம்பித்தாள். சாவி எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, 2019-ல் என்ன நடந்தது, விதியை எடுத்தால் என்ன ஆகும், இரண்டாவது சர்வர் படுத்துவிட்டால் சாவியை யார், எப்படி, எங்கே மாற்ற வேண்டும் என்று விடாமல் எழுதினாள். கடைசி வரியில், 'எந்தச் சந்தேகமானாலும் கேட்கவும்' என்று போட்டுப் பெரியவரின் பெயரை முதலிலும் தன் பெயரை அடுத்தும் எழுதினாள்.

"அவரைக் கேட்காமல் பெயரைப் போடலாமா?" என்றேன்.

"காலையில கேட்டுடறேன் மாமா. நேர்லேயே போய்ட்டு வந்துடலாம்னு இருக்கேன். நீங்களும் வரீங்களா?"

புறப்படுவதற்கு முன்னால் அலமாரியின் பின்பக்கம் ஒரு தரம் போனேன். 'இந்த சாவியை தொடாதே.' சட்டைப் பையில் பேனா இருந்தது. ஒரு 'ச்', ஒரு 'த்', இரண்டே எழுத்து. மூடியைக் கழற்றினேன்.

"மாமா!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "அங்கே என்ன பண்றீங்க? அதையும் தொடாதீங்க."

பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டேன். கீழே லேப் வாசலில் அதற்குள் நாலைந்து பேர், வெறும் வயிற்றோடு, கையில் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டி, காபி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு போனோம். ஃபிளாஸ்கில் நான் கொண்டுவந்த காபியை அந்த அறை ஐஸ் வாட்டராக்கிவிட்டிருந்தது.